"சேர்வர் டவுன்": ஒரு சொல்லின் பின்னால் உள்ள வரலாறு



"சேர்வர் டவுன்" என்ற பதிலை உக்குவளையில் கேட்காதவர் இப்போது யாருமில்லை. காசு எடுக்கப் போனாலும் அதுதான், கொமியூனிகேஷனில் பிள்ளைக்கு விண்ணப்பம் போடப் போனாலும் அதுதான். அந்தச் சேர்வர் என்றால் என்ன, அதைக் கவனிப்பவர் யார் என்று உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இலங்கையருக்கும் பங்கு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பெரிய நிறுவனங்களின் சேர்வர்களில் கணிசமானவை ஜாவா என்ற கணினி மொழியில் ஓடுகின்றன. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங் குழுவினர் 1991 இல் தொடங்கிய வேலை அது. முதலில் வைத்த பெயர் ஓக். 1995 இல் வெளியிட்டபோது கோப்பியை நினைத்து ஜாவா என்று மாற்றினார்கள். கோப்பி நமக்கும் அந்நியமில்லை. 1869 இல் தொடங்கிய இலைநோய் அழிக்கும்வரை நம் மலைகளில் கோப்பிதான் இருந்தது. தேயிலை பெருமளவில் பரவியது அதற்குப் பிறகுதான்.

அப்ளிகேஷன் சேர்வர் என்பதை நம்மூர் மின்நிலையத்தை வைத்தே விளங்கலாம். பொல்கொல்லையில் மறிக்கும் மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் வந்து, 1976 முதல் இங்கே மின்சாரம் தந்துவிட்டு, சுது கங்கையில் சேர்கிறது. நீர் வரும் பக்கமும் போகும் பக்கமும் வேறு. நடுவில் நின்று வேலை வாங்குவது மின்நிலையம். அதுபோல ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான மக்களின் கோரிக்கைகள், மறுபக்கம் தரவுத்தளம், நடுவில் அப்ளிகேஷன் சேர்வர். ஒரு கணக்கில் கழித்த பணம் மற்றக் கணக்கில் சேர வேண்டும், சேராவிட்டால் கழித்ததும் ரத்தாக வேண்டும். இப்படியான காவல் வேலைகளை அது பார்த்துக்கொள்கிறது.

1999 டிசம்பரில் இதற்கான பொது விதிமுறை ஒன்று முழு வடிவில் வந்தது. வெப்லொஜிக், வெப்ஸ்பியர் போன்றவை பெரும் விலைக்கு விற்கப்பட்ட காலம். அதே 1999 இல் சன் நிறுவனம், தன் பொறியியலாளர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய டொம்கெட் என்ற சேர்வரை அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தது. மூலநிரலோடு யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். சின்ன நாடுகளுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

அந்தக் கதவால் நம்மவர்கள் நுழைந்தார்கள். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண நாடு திரும்பி, 2003 இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். இளம் இலங்கையர் பலர் அப்பாச்சியின் அக்ஸிஸ்2 என்ற ஜாவா மென்பொருளை உருவாக்குவதில் முன்னின்றார்கள். 2005 இல் அவர் இன்னும் சிலரோடு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை ஆரம்பித்தார். டொம்கெட்டை உள்ளே வைத்து அவர்களும் ஒரு அப்ளிகேஷன் சேர்வர் செய்தார்கள். அவர்களின் இன்னொரு மென்பொருள் வழியாக ஈபே நிறுவனம் ஒரு நாளில் 100 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்களை நடத்தியது. 2024 இல் சுவீடனின் ஈகியூடி நிறுவனம் 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து டபிள்யூஎஸ்ஓ2வை வாங்க முன்வந்தது.

செய்வது ஒரு திறமை, செய்ததைப் பழுதில்லாமல் ஓட வைப்பது இன்னொரு திறமை. அதன் அடிப்படை நம் பாடசாலையிலேயே இருக்கிறது. அதிபரின் மேசையில் இருக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை லொக் என்கிறோம் அல்லவா? சேர்வரும் நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும். அதற்கும் பெயர் லொக்.

டொம்கெட்டின் வழக்கமான அமைப்பில் ஒரே நேரத்தில் 200 வேலையாட்கள் இருப்பார்கள். 200 பேரும் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்து நின்றால் 201ஆவது கோரிக்கை வரிசையில் நிற்கும். நம் திரையில் வட்டம் சுற்றும். உடனே சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டால் அரை மணித்தியாலம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். கூடவே, ஏன் நின்றது என்ற சாட்சியமும் அழிந்துவிடும். அனுபவசாலி முதலில் த்ரெட் டம்ப் எடுப்பார். 200 பேரும் எந்த வரியில் நிற்கிறார்கள் என்பதைச் சில வினாடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை படம்பிடிப்பது போன்றது அது. எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால் பழுது அங்கேதான். நூறு வரிப் பிழைச் செய்தி வந்தாலும் பயப்பட மாட்டார். "இதனால் ஏற்பட்டது" என்று தொடங்கும் கடைசிப் பகுதியைத் தேடுவார். மூலகாரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

லொக் எழுதும் கருவியே ஒருமுறை உலகத்தை நடுங்க வைத்தது. 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற ஜாவா மென்பொருளில் ஓட்டை வெளிப்பட்டது. பெயர் கேட்கும் பெட்டியில் ஒரு வரியைத் தட்டினாலே, அதைப் பதியப்போகும் சேர்வர் வெளியாரின் கட்டளைக்கு ஆடத் தொடங்கியது. ஓட்டை 2013 முதல் இருந்தது. அந்த மென்பொருளைப் பராமரித்தவர்கள் ஒரு சில தொண்டர்களே. உலகம் முழுவதும் பயன்படுத்தியது, கவனிக்க ஆள் போதவில்லை.

பெற்றோருக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். சேர்வர் பராமரிப்பு என்பது பிறர் பணத்தையும் தகவலையும் பாதுகாக்கும் அமானிதம். ஆட்கள் தேவைப்படும் தொழில். பெரும்பகுதியைத் தூரத்திலிருந்தே செய்யலாம். கொழும்புக்கு அனுப்பத் தயங்கி வீட்டில் நிறுத்தும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இதில் வழி உண்டு. பழைய லெப்டொப் ஒன்று போதும், டொம்கெட்டுக்குக் காசில்லை. போட்டுப் பார்க்கட்டும், வேண்டுமென்றே உடைக்கட்டும், லொக்கை வாசித்துத் திரும்ப எழுப்பட்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் கேளுங்கள், சேர்ந்து வாசிப்போம் இன்ஷா அல்லாஹ்.