கேடிஈ கனெக்ட்

கணினியில் நகலெடுத்த வரியைக் கைப்பேசியில் ஒட்ட உதவும் கட்டற்ற மென்பொருள். 2013இல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் ஆல்பர்ட் வாக்கா உருவாக்கத் தொடங்கியது. இன்று லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றிலும் கிடைக்கிறது.

இரு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். 1714 முதல் 1764 வரையிலான போர்ட்கள் வழியே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒருமுறை இணைப்புக்கு ஒப்புதல் தந்துவிட்டால், நகலெடுப்பவை மறையாக்கத்துடன் நேரே போய்ச்சேரும். நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லை. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் நகலெடுத்து ஒட்டும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

ஒரு தொல்லை உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னணிச் செயலிகள் கிளிப்போர்டைப் படிப்பதைத் தடுத்துவிட்டது. அதனால் கைப்பேசியிலிருந்து அனுப்ப, அறிவிப்பிலுள்ள பொத்தானைத் தட்டவேண்டும்.

லினக்ஸில் க்னோம் பணிமேடைச் சூழலைப் பயன்படுத்துவோருக்கு இதே நெறிமுறையில் இயங்கும் ஜிஎஸ்கனெக்ட் நீட்டிப்பு இருக்கிறது.