எரித்துப் புதுக்கும் நெறி: விஞ்ஞானக் கட்டுரைகளின் மறு ஆக்க வரலாறு

மூலம் எது, மூலத்திலிருந்து பெறப்பட்டது எது என்று பிரித்தறிவது உரைமரபில் பயின்றவர்க்கு முதற்பாடம். கணிப்பொறியின் துணைகொண்டு எழுதப்படும் விஞ்ஞானக் கட்டுரைகளிலோ இப்பிரிவு நெடுங்காலம் மயங்கியே கிடந்தது. அச்சில் வந்த கட்டுரையையே மூலமாகக் கொண்டாடினர். அதனை உண்டாக்கிய தரவுகளும், கணிப்பொறிக்கு இட்ட கட்டளைத் தொகுதிகளாகிய நிரல்களும், அந்நிரல்களுக்கு ஊட்டிய அளவைகளும் ஆசிரியரின் மேசையிலும் காந்த நாடாக்களிலும் கிடந்து காலப்போக்கில் மறைந்தன. அச்சிட்ட கட்டுரை விளைவேயன்றி மூலம் ஆகாது என்று அறுதியிட்டு, அதனை அன்றாட ஒழுக்கமாகவும் ஆக்கிக்கொண்டவர்களில் முற்பட்டவர்கள் அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துப் புவி இயற்பியல் குழுவினர்.

அக்குழுவை 1973இல் தொடங்கியவர் ஜான் கிளேர்பௌட் என்னும் பேராசிரியர். நிலத்தினுள் ஒலி அலைகளைச் செலுத்தி, அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளைப் பதிந்து, அவற்றிலிருந்து பூமியின் உட்புறத்தைப் படமாக வரைவது அவர்கள் துறை. எண்ணெய் நிறுவனங்கள் பொருளுதவி புரிந்தன. மாணவர்கள் ஆய்வேடுகள் எழுதினர்; குழுவின் அறிக்கைகள் தொடர்ந்து வெளிவந்தன. இத்துறையில் ஒரு கட்டுரையின் உயிர்நிலை அதிலுள்ள படம். அப்படமோ கையால் வரைந்ததன்று. பெருந்திரளான பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிரல்களின் வழியே செலுத்தி, ஒவ்வொரு நிலையிலும் ஏதேனுமோர் அளவையைத் தேர்ந்து, இறுதியில் பெறுவது. கட்டுரையின் வாசகம் இவ்வழி முழுவதையும் ஓரிரு பக்கங்களில் சொல்லிச் செல்லும். எந்த வடிகட்டி, எந்த எல்லை, எந்தப் பதிவு விலக்கப்பட்டது என்பனவெல்லாம் சொல்லப்படா.

இதனால் விளைந்த இடர் குழுவுக்குள்ளேயே வெளிப்பட்டது. பட்டம் பெற்று ஒரு மாணவர் வெளியேறுவார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வந்த மற்றொருவர், முன்னவரின் படத்தையே மீண்டும் வரைய முயன்று மாதக்கணக்கில் திண்டாடுவார். படத்தை வரைந்தவரே சில மாதம் கழித்துத் தம் வேலைக்குத் திரும்பினாலும் இதே கதிதான். செய்தவர்க்கே மீண்டும் செய்ய இயலாத ஒன்றை அறிவு என்று பிறர்க்கு எவ்வாறு வழங்குவது? 1990ஆம் ஆண்டையொட்டிக் கிளேர்பௌட் இதற்கு ஒரு கட்டுப்பாடு வகுத்தார். குழுவின் அறிக்கைகளில் கணக்கீட்டால் வரும் படங்களை, அவற்றின் மூலங்களிலிருந்து ஒரே கட்டளையால் மறுபடி உண்டாக்க இயல வேண்டும் என்பது அதன் சாரம்.

இக்கட்டுப்பாடு கைகூடுவதற்கு இரண்டு கருவிகள் முன்னரே ஆயத்தமாக இருந்தன. அவற்றின் பிறப்பையும் இங்கே சொல்லுதல் தகும்.

ஒன்று, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கனூத் இயற்றிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு முறை. தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியினுடைய புதிய பதிப்பின் அச்சுப்படிகள் 1977இல் வந்தபோது, பழைய ஈய அச்சின் அழகு முற்றும் கெட்டிருக்கக் கண்டு மனம் நொந்தார் கனூத். நூலெழுதுவதை நிறுத்திவைத்து, எழுத்தடுக்கும் நிரலைத் தாமே எழுதப் புகுந்தார். விரைவில் முடியும் என்று எண்ணிய அவ்வேலை பத்தாண்டுகளுக்கு மேல் கொண்டது. டெக் முறையில் ஆசிரியர் எழுதுவது வெறும் எழுத்துக் கோப்பு. பக்கம் என்பது அதிலிருந்து கணித்துப் பெறுவது. ஆகவே மூலமும் விளைவும் இங்கே இயல்பாகவே வேறுபட்டு நின்றன. லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் எழுப்பிய 'லேடெக்' 1980களின் நடுவில் பரவி, கணிதமும் இயற்பியலும் எழுதுவோர்க்குப் பொது நடையாயிற்று.

மற்றொன்று, பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய 'மேக்' என்னும் சிறு கருவி. ஆய்வகத்துத் தோழர் ஒருவர் பிழையில்லாத நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினார். மூலத்தைத் திருத்தியிருந்தும், அதிலிருந்து புதிதாக ஆக்க வேண்டியதை ஆக்காமல் பழைய விளைவையே ஓட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஃபெல்ட்மன் இதற்கு மாற்றாக ஒரு கோப்பை வகுத்தார். எது எதைச் சார்ந்தது, சார்ந்ததை ஆக்குவதற்குரிய கட்டளை யாது என்பனவே அதில் எழுதப்படும். கருவி கோப்புகளின் காலத்தை ஒப்பிட்டு, மூலம் விளைவைவிடப் புதியதாயின் விளைவை மட்டும் புதுக்கும். அக்கோப்பில் கட்டளை வரி ஒரு தாவல் குறியுடன் தொடங்க வேண்டும் என்ற வினோதமான விதி இன்றளவும் கற்பவரை இடறச் செய்கிறது. அதனை மாற்ற ஃபெல்ட்மன் எண்ணியபோது பத்துப் பன்னிரண்டு பேர் அக்கருவியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனராம். அவர்களுக்குத் தொல்லை தரலாகாது என்று விட்டுவிட்டார். சிலர்மீது கொண்ட தாட்சண்யம் பல்லாயிரவர்க்குச் சுமையான கதை இது.

கிளேர்பௌட்டின் குழு இவ்விரண்டையும் இணைத்தது. நிரல்களை எழுதுவோர்க்கென்று பிறந்த மேக் கருவியைக் கட்டுரை எழுதுவோர்க்கு ஆக்கியதே அவர்களது புதுமை. ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான்கு ஏவல்கள் பொதுவாக அமைந்தன: கட்டு, காட்டு, துடை, எரி. 'கட்டு' என்றால் படங்கள் மூலத்திலிருந்து உண்டாகும். 'காட்டு' என்றால் திரையில் தோன்றும். 'துடை' என்றால் இடைநிலைக் கோப்புகள் மட்டும் நீங்கும். நான்காவதாகிய 'எரி' என்னும் ஏவலில்தான் இந்நெறியின் உயிர் இருக்கிறது. மறுபடி ஆக்கத்தக்க படங்கள் அனைத்தையும் அது அழித்துவிடும். பல நாள் உழைத்துப் பெற்ற படத்தை எரிக்கும் துணிவு, அதனை மீண்டும் பெறும் வழி பழுதின்றிக் கையிலிருப்பவர்க்கே வரும். பிரதியைக் காத்துவைத்திருப்பதால் மட்டும் ஆக்கும் வழி காக்கப்பட்டதாகாது. எரித்துப் பார்த்துக் கட்டியவரே காத்தவர்.

எல்லாப் படங்களையும் அவ்வாறு எரித்துவிட முடியாது என்பதையும் அக்குழு மறைக்கவில்லை. படங்களை மூவகைப்படுத்தி விளக்கவாசகத்தின் இறுதியிலேயே குறியிட்டனர். எளிதில் மறுபடி ஆக்கத்தக்கது ஒரு வகை. நிறுவனங்களுக்குரிய தரவோ, விலைகொடுத்துப் பெறும் மென்பொருளோ, மிக நீண்ட கணக்கீடோ வேண்டுவதால் நிபந்தனையுடன் ஆக்கத்தக்கது இரண்டாவது. ஓவியர் வரைந்தது போன்று மறுபடி ஆக்க இயலாதது மூன்றாவது. இயலாததை இயலாது என்று படத்தின் அடியிலேயே எழுதிவிடும் இந்நேர்மை, எழுதாமல் விட்டுக் காலங்கடத்தும் வழக்கத்தினும் எத்தனையோ மடங்கு மேலானது. கிளேர்பௌட்டும் மார்ட்டின் கேரன்பாக்கும் இம்முறையை 1992இல் புவி இயற்பியலாளர் மாநாட்டில் அறிவித்தனர். மத்தியாஸ் ஷ்வாப் உள்ளிட்ட மூவர் எழுதிய விரிவான விளக்கம் 2000இல் வெளிவந்தது.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். இத்தனை பிரயாசையும் எதற்கு, முறையைத் தெளிவாக எழுதிவிட்டால் வல்லவர் தாமே செய்துகொள்ளமாட்டாரோ என்பது அது. ஸ்டான்ஃபோர்டிலேயே புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஜோனதன் பக்ஹைட்டும் டேவிட் டோனஹோவும் 1995இல் கிளேர்பௌட்டின் கருத்தைச் சுருக்கி விடையளித்தனர். கணக்கீட்டு விஞ்ஞானத்தில் கட்டுரை என்பது புலமையை அறிவிக்கும் விளம்பரமே. புலமையாவது படங்களை உண்டாக்கிய முழு நிரல்களும் அவற்றின் சூழலும் என்பது அவர்கள் கொண்ட பொருள். வாசகம் எவ்வளவு தெளிவாயினும் கணக்கீட்டின் எல்லாத் தேர்வுகளையும் தாங்காது என்பதே இதற்கு நியாயம்.

இது வெறும் வாதமன்று என்பதை வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது காட்டிற்று. ஒரு நோயாளியின் புற்றுக்கட்டிக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை மரபணுக்களின் செயல்நிலை கொண்டு முன்னறியலாம் என்று 2006இல் ஒரு கட்டுரை புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்னும் இருவர் அம்முறையைத் தம் மருத்துவர்களுக்கு எடுத்துச்சொல்லும் பொருட்டு அதனை மறுபடி செய்ய முயன்றனர். விடை ஒத்துவரவில்லை. வழி எழுதப்படாமையால், வெளியான முடிவுகளிலிருந்து பின்னோக்கி நடந்து, என்ன செய்திருந்தால் இவ்விடை வரும் என்று துப்பறிய நேர்ந்தது. கண்டவை வியப்பூட்டுவன: மரபணுப் பட்டியல் ஒரு வரி நழுவி, ஒவ்வொரு பெயரும் அடுத்ததன் இடத்தில் நின்றது; மருந்துக்கு இணங்குவன, இணங்காதன என்னும் பெயர்கள் இடம் மாறியிருந்தன. ஏடு பெயர்த்தெழுதுவோர் கண் தாவி வரி நழுவுவதைப் பதிப்பாசிரியர் அறிவர். அங்கே கெடுவது பாடம். இங்கே அந்நழுவலை நம்பி நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகளே தொடங்கியிருந்தன. இருவரின் ஆய்வு 2009இல் வெளிவந்தது; சோதனைகள் 2010இல் நிறுத்தப்பட்டன; கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

அவ்விருவரும் தம் அறிக்கைகளுக்குக் கைக்கொண்ட கருவி 'ஸ்வீவ்' என்பது. வியன்னாவில் இருந்த ஃபிரெட்ரிக் லைஷ் 2002இல் வெளியிட்டது. அதன் வேர் கனூத் 1984இல் விளக்கிய இலக்கிய நிரலாக்கம் என்னும் கொள்கை. நிரலையும் அதற்குரிய விளக்கத்தையும் ஒரே கோப்பில் மாற்றி மாற்றி எழுதி, கணிப்பொறிக்கு வேண்டியதையும் மனிதர்க்கு வேண்டியதையும் அதிலிருந்தே தனித்தனியே பிரித்தெடுப்பது அக்கொள்கை. லைஷ் இதைப் புள்ளியியல் மொழியாகிய 'ஆர்' உடன் பொருத்தினார். கட்டுரையில் சராசரி இத்தனை என்று ஆசிரியர் கையால் எண்ணை எழுதுவதில்லை. அவ்வெண்ணைத் தரும் கட்டளையை எழுதுகிறார். தரவு திருந்தினால் வாசகத்திலுள்ள எண்ணும், அட்டவணையும், படமும் ஒருசேரத் திருந்தும். யீஹுய் ஷியே 2012இல் அளித்த 'நிட்டர்' இதனையே மேலும் எளிதாக்கியது.

மூலநூற் பதிப்பில் ஈடுபட்டோர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. வடமொழி அறிஞராகிய டொமினிக் வுஜாஸ்டிக்கும் ஜான் லவன்யீனோவும் 1990இல் 'எட்மேக்' என்னும் டெக் தொகுதியை அறிமுகம் செய்தனர். பாடபேதங்களை வரி எண்ணோடு, ஐந்து அடுக்கு அடிக்குறிப்புகள் வரை பிரித்துக் காட்ட வல்லது அது. கையால் செய்கையில், அச்சில் ஒரு சொல் கூடினாலும் வரி நகர்ந்து, கீழே குறித்த எண்கள் அனைத்தும் பொய்த்துப்போகும். திரும்பத் திரும்பத் திருத்துதல் பதிப்பாசிரியரின் தலையெழுத்து. எட்மேக்கில் முதல் ஓட்டம் வரிகளை எண்ணி ஒரு கோப்பில் எழுதும். அடுத்த ஓட்டம் அதனைப் படித்து எண்களை இடும். மூலத்தில் பதிப்பாசிரியர் எழுதுவது சொல்லும் அதன் பேதமும் மட்டுமே. அடுத்த ஆண்டே ஃபிரான்ஸ் வெல்தெயிஸ் டெக் முறையில் தேவநாகரி எழுத்தைக் கொணர்ந்தார். பீட்டர் வில்சனும் அவருக்குப்பின் மயூல் ரூகெத்தும் எட்மேக்கை லேடெக்கிற்கு ஏற்றவாறு விரித்தனர்.

இனி இன்று ஒருவர் இத்தகைய அமைப்பை வகுக்கப் புகுந்தால் செய்ய வேண்டியது யாது? மூலத் தரவை ஒரு கோப்புறையில் வைத்து அதில் ஒருபோதும் கைவைக்காதிருத்தல். நிரல்களை வேறாக வைத்தல். படங்களும் அட்டவணைகளும் முழுவதும் எரிக்கத்தக்க மூன்றாம் இடத்தில் மட்டும் விழச்செய்தல். சார்பு உறவுகளை ஒரே கோப்பில் எழுதுதல். அரிதானது இதற்கு அடுத்த படி. மூலம் மாறாதிருந்தும் கருவிகள் மாறிவிடுகின்றன. கனூத் இதை முன்னரே கண்டிருந்தார். வெவ்வேறு பொறிகள் பின்னக் கணக்கில் சிறிது வேறுபடும் என்பதால், வரி முறிக்கும் முடிவுகளை முழு எண்களாலேயே கணித்தார்; அச்சகத்துப் புள்ளி ஒன்றை 65536 கூறாக்கிய நுண்ணளவே அவர் அலகு. கடுஞ்சோதனைக் கோப்பு ஒன்றை இயற்றி, அதில் தேறாத எதுவும் டெக் என்ற பெயருக்கு உரியதன்று என்றார். 1990இல் வளர்ச்சியை நிறுத்தி, பிழைதிருத்தம் மட்டுமே இனி உண்டு, தம் மறைவுக்குப் பின் அதுவும் கூடாது என்று எழுதிவைத்தார். ஆயினும் அதன்மேல் பிறர் எழுப்பிய தொகுதிகள் ஆண்டுதோறும் மாறிவருவதால், எந்தப் பதிப்பைக் கொண்டு கட்டியது என்பதையும் மூலத்தின் பகுதியாகவே கருதிக் குறித்துவைக்க வேண்டியதாயிற்று. 2013இல் வந்த 'டாக்கர்' போன்றவை சூழல் முழுவதையும் ஒரு பேழையில் அடைத்துத் தருகின்றன.

மறுபடி ஆக்கியது முன்னதோடு ஒத்தது என்பதன் பொருளும் ஆராயத்தக்கது. எழுத்துக்கு எழுத்து ஒத்தல் ஒன்று, கருத்தால் ஒத்தல் ஒன்று. முன்னதை வேண்டுவோர்க்கு, பிடிஎஃப் கோப்பில் தானாகவே பதியும் ஆக்கத் தேதிகூடத் தடையாயிற்று. ஒரே மூலத்தை இன்றும் நாளையும் கட்டினால் தேதியால் மட்டும் இரு கோப்புகளும் வேறுபடும். அத்தேதியை வெளியிலிருந்து ஒரே மதிப்பாக நிலைநிறுத்தும் வசதி 2016ஆம் ஆண்டின் டெக் தொகுப்பில் வந்தது. கிளேர்பௌட்டின் மாணவராகிய செர்கெய் ஃபோமெல் பின்னதைச் சார்ந்தார். 2006இல் அவர் பொதுவில் வெளியிட்ட 'மடகாஸ்கர்' என்னும் தொகுதி, காலத்தை ஒப்பிடும் மேக்கை விடுத்து, கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் 'ஸ்கான்ஸ்' கருவியைக் கொண்டது. அதில் ஆசிரியர் தாம் ஏற்ற படத்தைப் பூட்டிவைப்பார். பின்னர் எவர் மறுபடி கட்டினாலும் புதிய படத்தைப் பூட்டிய படத்தோடு ஒப்பிடலாம். பொருட்படுத்த வேண்டாத சிறு வேறுபாடுகளைப் பொறுத்து, ஏனையவற்றை அது எடுத்துக்காட்டும். கிளேர்பௌட்டின் பாடநூல்களும் அத்தொகுதியில் இடம்பெற்று, அவற்றின் படங்கள் இன்றும் எரித்துக் கட்டப்படுகின்றன.