சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிப் படிக்க வேண்டிய வரலாறு

பீச்–தாம்பரம் ரயிலில் போகிறவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' ஒரு ஸ்டேஷன் பெயர். அந்தப் பெயருக்குள், நெஞ்சுநோய் வந்த ஏழைக்கு இந்தச் சமூகம் என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்ற நூறாண்டுக் கதை இருக்கிறது.

1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காக ஒரு தனியார் சானடோரியத்தைத் தொடங்கினார். அன்று காசநோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு, இவைதான் வைத்தியம். தோழர்களே, இந்த மூன்றில் எது அன்றைய சேரிக்காரனுக்குக் கிடைத்திருக்கும்? ஒரு நாள் ஓய்வெடுத்தால் மறுநாள் அடுப்பு எரியாது. 1937-இல் அரசு இந்த சானடோரியத்தை ஏற்றது. ஆனாலும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் சொற்பம்.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. இருட்டுக் குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் வாழ்கிறவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் குணமாகுமா? இதற்கு விடை சொன்னது நம் சென்னைதான். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலேயே அதே மாத்திரைகள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

இதன் அரசியல் முக்கியமானது. 'ஏழைக்கு வைத்தியம் பலிக்காது' என்பது பொய். மருந்து இலவசமாக, தவறாமல், அவர் இருக்கும் இடத்துக்கு வந்தால் ஏழையும் பிழைப்பார்.

இந்தப் பாடத்தை நுரையீரல் புற்றுநோய்க்குப் பொருத்திப் பார்ப்போம். பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகளின் தூசியை மூச்சில் இழுத்தவர்கள் யார்? எரியும் குப்பைமேட்டில் வேலை செய்பவர்கள் யார்? கல்லுடைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆனால் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வி 'பீடி குடிப்பியா?' என்பதுதான். பீடியும் கொல்லும், உண்மை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் வேலை கொடுத்தவர் தப்பித்துவிடுகிறார்.

இருமல், எடைக்குறைவு, சளியில் ரத்தம். இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்றுபோல இருப்பதால் பலர் காசநோய் மாத்திரையிலேயே மாதங்களை இழக்கிறார்கள். புற்றுநோய் என்று தெரியும்போது அது முற்றியிருக்கும். பிறகு நாவலூரிலிருந்து அடையாறுக்கோ தாம்பரத்துக்கோ அலைச்சல். கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். காப்பீட்டு அட்டை மருத்துவமனைக்குப் பணம் கட்டும். போன கூலியை யார் கட்டுவது? கூட வரும் மனைவியின் கூலியை?

இன்று வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரைகள் இந்த நோய்க்கும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கே நன்றாக வேலை செய்யும். அவற்றில் ஒன்றான எர்லோடினிப்பை ரோச் நிறுவனம் ஒரு மாத்திரை சுமார் 4,800 ரூபாய்க்கு விற்றது. 2008-இல் சிப்லா அதை மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தபோது ரோச் வழக்குப் போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது, நோயாளிகளின் உயிரையும் கணக்கில் எடுத்தது. அதுவும் ஒரு வெற்றிதான். ஆனால் அன்றைய 1,600 ரூபாய் மாத்திரையைத் தினக்கூலி வாங்கியவரால் எத்தனை நாள் வாங்க முடிந்திருக்கும்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. காசநோய் இல்லை என்று சளிப் பரிசோதனை சொன்னால் தாமதிக்காமல் ஸ்கேன். மரபணுப் பரிசோதனை இலவசம். மாத்திரை காசநோய் மருந்து போலவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். சிகிச்சை நாட்களுக்கு ஈட்டுத்தொகை. குவாரித் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை.

முடியாது என்பவர்களிடம் 1959-ஐக் காட்டுங்கள். அதைச் சாதித்துக் காட்டியது இதே சென்னையின் ஏழை நோயாளிகள்தான்.