ஆணியடித்த கப்பலும் தைத்த சலங்கும்

பாய்மரக் கப்பலின் மாதிரியை மரத்தில் செய்பவர்கள் முதலில் அடிக்கட்டையின் மேல் விலா எலும்பு போலச் சட்டங்களை நிறுத்துவார்கள். பிறகுதான் மெல்லிய பலகைப் பட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்துப் பொருத்துவார்கள். முனைக்குப் போகப் போகப் பட்டியின் அகலத்தைச் சீவிக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கப்பல்களும் சட்டம் முதலில், பலகை பிறகு என்றே கட்டப்பட்டன.

நம் புதுச்சேரிக் கரையில் ஓடிய சலங்கு அப்படியல்ல. அதற்கு விலாச் சட்டமே கிடையாது. பலகை ஓரங்களில் துளையிட்டு, இடுக்கில் வைக்கோல் வைத்து, தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். அலை தூக்கித் தரையில் போடும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அன்று தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளும் சரக்கும் கரை சேர்ந்தது சலங்கில்தான்.

'லா ஃபவோரித்' கப்பலில் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எத்மோன் பாரி, சோழமண்டலக் கரையின் படகுகளையும் அளந்து வரைந்தார். 1871 முதல் பாரீசில் கடற்படை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தபோது, தம் வரைபடங்களைக் கொண்டு மாதிரிகளும் செய்வித்தார்.

நம்மவர் கைக்கணக்கு அந்நியர் காகிதத்தில் தங்கியிருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் சலங்கு மாதிரி செய்ய ஆசைப்பட்டால், பசையும் ஆணியும் வேண்டாம். ஊசியும் நூலும் எடுத்துக் கொடுங்கள்.