ருகாயும் ஊறுகாயும்

மொரீசியஸ் தீவின் கிரியோல் சமையலில் 'ருகாய்' என்றொரு காரக் குழம்பு உண்டு. மீன் துண்டுகளைப் பொரித்துத் தனியே வைத்துவிட்டு, வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், தைம் தழை, கறிவேப்பிலை வதக்கி, பழுத்த தக்காளியை நசுக்கிப் போட்டு, எண்ணெய் பிரியக் கொதிக்கவிடுவார்கள். கத்தரியோ வெண்டையோ சேர்ப்பதுண்டு. கடைசியில் மீன், மேலே கொத்தமல்லி.

எங்கள் வீட்டில் மீன் நுழையாது. ருசி பேச எனக்கு லாயக்கில்லை. என்னை இழுத்தவை பெயர்கள்தான். அங்கே கறிவேப்பிலை 'கரிபுலே', கொத்தமல்லி 'கொதோமிலி', முருங்கை 'முரூம்'. 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். பேச்சே கிரியோலாகிவிட்ட வீடுகளிலும் அடுப்படிச் சொல் போகவில்லை, பாருங்கள்!

'ருகாய்' நம் ஊறுகாயே என்பர். மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம். கொதிக்கிற குழம்பில் ஊறுவது எது என்று நான் வெகுநாள் நம்பவில்லை. பக்கத்து ரீயூனியன் தீவில் அதே பெயர், மாங்காயையோ தக்காளியையோ பச்சையாக மிளகாயோடு இடித்துத் தொட்டுக்கொள்ளும் பண்டத்துக்கு என்று அறிந்தபின்தான் இறங்கி வந்தேன். பெயரை நம் கணக்கில் வரவு வைக்கலாம். சட்டியை முழுதாக எழுதிக்கொள்ள முடியாது. தைம் ஐரோப்பியர் சரக்கு, தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை, நமக்கே போர்த்துகீசியர் வந்தபின் கிடைத்தவை.

சென்ற மாதம் மீன், பூண்டு, வெங்காயம் இல்லாமல் கத்தரியும் வெண்டையும் போட்டு வீட்டில் செய்யச் சொன்னேன். பேரன் ஒரு வாய் தின்றுவிட்டு, "தாத்தா, இது தக்காளித் தொக்குதானே?" என்றான்.