வீட்டுத் தனிமையில் மனநலம்: மூச்சுத்திணறலா, பதற்றமா? அறிய வேண்டியவை

தொற்று உறுதியாகி வீட்டில் தனிமைப்படுத்திக் கொள்பவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை உடலைப் பற்றியவை. முகக்கவசம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், போதிய நீராகாரம், தனித் தட்டு, தனிக் கழிப்பறை என அவை நீளும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டுவது போலத் தோன்றும்போது என்ன செய்வது என்பதை அவற்றில் தேட வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் அந்நேரம் ஒரு செவிலியராவது இருப்பார். வீட்டு அறையில் நோயாளியும் அவரது கைப்பேசியும் மட்டுமே உள்ளன.

கரோனா தொற்றின் லேசான பாதிப்பு உள்ளவர்கள் வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம் என மத்திய சுகாதார அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவ்வாண்டு ஜூலை மாத நெறிமுறைகளின்படி, 10 நாள்கள் கழிந்த பின்னரும் மேலும் 7 நாள்கள் வீட்டில் தனித்திருந்து உடல்நிலையைக் கவனிக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் இது குறைந்தது 7 நாள்கள் எனவும், அவற்றில் கடைசி 3 நாள்கள் காய்ச்சல் இருக்கக் கூடாது எனவும் மாற்றப்பட்டது.

இந்தக் குறைப்பு மனநலத்துக்கும் நன்மை பயக்கும் ஒன்றே. 2020 பிப்ரவரியில் 'தி லான்செட்' இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, தனிமையின் கால நீளத்தை மன அழுத்தத்துக்கான காரணங்களில் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது. தொற்று குறித்த அச்சம், சலிப்பு, பொருள்கள் கிடைக்காமை, தெளிவான தகவல் இன்மை, வருவாய் இழப்பு, சமூகத்தின் ஒதுக்கல் ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. 2003-இல் சார்ஸ் பரவியபோது கனடாவின் டொரண்டோவில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. அவர்களில் பலர் நோயே இல்லாமல் தனிமையில் இருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஒரே அறிகுறி, இரு காரணங்கள்

வீட்டுத் தனிமையின் மிகக் கடினமான சிக்கல், நோயின் அறிகுறிகளும் அச்சத்தின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருப்பதுதான். படபடப்பு, நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சு போதாத உணர்வு ஆகிய அனைத்தும் கடும் பதற்றத்திலும் தோன்றும். பதற்றத் தாக்கம் பெரும்பாலும் திடீரெனத் தொடங்கி, சில நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் மெல்லத் தணியும். விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு இருக்கக்கூடும். ஆக்சிஜன் அளவு பொதுவாகக் குறையாது. நுரையீரல் பாதிப்பால் வரும் மூச்சுத்திணறலோ தணியாமல் நீடிக்கும். சில அடி நடந்தாலே கூடும்.

ஆயினும் உணர்வை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது. கரோனா தொற்றில் மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் குறைந்த நோயாளிகளையும் மருத்துவர்கள் கண்டுள்ளனர். 'வெறும் பயம்தான்' என்று வீட்டார் தட்டிக்கழிப்பதும், ஒவ்வொரு படபடப்புக்கும் மருத்துவமனைக்கு ஓடுவதும் ஒருசேரத் தவறாக முடியலாம். அளந்து பார்ப்பதே வழி. சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து, குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பொருத்தி, எண் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று முறை அளந்தும் 93 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ காட்டினால் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும் என்கின்றன 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகள். நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குதல், நெஞ்சில் நீங்காத வலி அல்லது அழுத்தம், 3 நாள்களுக்கு மேல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல் ஆகியவையும் அபாய அறிகுறிகளே.

அதேவேளை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலை நீட்டி அளப்பது அச்சத்தை வளர்க்குமே தவிரக் குறைக்காது. அரசின் கண்காணிப்பு அட்டவணை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்யவே சொல்கிறது. அளவைத் தாளில் குறித்துவிட்டுக் கருவியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடலாம். அளவு சரியாக இருந்தும் படபடப்பு தொடர்ந்தால், நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிடுவது பலருக்குப் பயன் தருகிறது.

முதியவர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று இடமும் நேரமும் தெரியாமல் பேசினாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, தனிமையால் வந்த சோர்வு என்று எண்ணிவிடக் கூடாது. மனக்குழப்பம் உடனடியாக மருத்துவரை நாட வேண்டிய அறிகுறியாகும்.

மருந்தும் மதுவும்

மனநலச் சிகிச்சைக்கு ஏற்கெனவே மருந்து உட்கொள்பவர்கள் தனிமைக்காலத்தில் அதை நிறுத்தக் கூடாது. தனிமை தொடங்கிய அன்றே இருப்பைச் சரிபார்ப்பது நல்லது. லேசான தொற்றுக்கு ஸ்டீராய்டு மாத்திரைகள் தேவையில்லை என்பது அரசின் நிலைப்பாடு. மருத்துவர் சொல்லாமல் அவற்றை உட்கொள்வோருக்குத் தூக்கமின்மையும் மனநிலை மாற்றங்களும் ஏற்படலாம்.

வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்று மது. நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் அறைக்குள் அடைபட்டு, திடீரென மது இல்லாமல் போகும்போது முதல் சில நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காணும் குழப்பம் ஆகியவை தோன்றக்கூடும். இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் முன்கூட்டியே கூறிவிட வேண்டும்.

கதவுக்கு வெளியே

நோயாளியின் மனத்தை வதைப்பதில் அக்கம்பக்கத்தாருக்கும் பங்குண்டு. தொற்றாளர்களின் வீட்டுக் கதவில் சுவரொட்டி ஒட்டும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. அவ்வாறு ஒட்டப்படும் வீட்டினர் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுவதாக உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலன்றிச் சுவரொட்டி ஒட்டக் கூடாது என 2020 டிசம்பர் 9-ஆம் தேதி அது தீர்ப்பளித்தது.

தன்னால் வீட்டிலுள்ள பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் தொற்றிவிட்டதே என்ற குற்ற உணர்வு வேறு வகை வதை. 2021-இன் இரண்டாம் அலையில், ஒரே குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் இறக்க, மற்றவர் வீட்டுத் தனிமையிலிருந்தபடியே இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்த நிகழ்வுகள் நாடெங்கும் நடந்தன. இத்தகையவரிடம் 'தைரியமாக இருங்கள்' என்பதைக் காட்டிலும், அவர் பேச விரும்புவதைக் கேட்பதே ஆறுதல். நாளுக்கு ஐந்து முறை ஆக்சிஜன் அளவை விசாரிப்பவர்கள், ஒருமுறையாவது நோயைத் தவிர்த்த ஏதேனும் ஒன்றைப் பேசலாம். உணவு வைக்கும்போது கதவுக்கு அப்பால் நின்று இரண்டு வார்த்தை பேசுவதற்கு எந்த நெறிமுறையும் தடை விதிக்கவில்லை. தனி அறையே இல்லாத சிறு வீடுகளில் இந்த அறிவுரைகளில் பாதி பொருந்தாது. அத்தகையோருக்கு அரசு கவனிப்பு மையங்களே பொருத்தமாக இருந்தன.

உதவி எங்கே?

தனிமை முடிந்ததும் மனம் உடனே சீராகிவிடும் எனக் கொள்ள இயலாது. சுமார் 2.36 லட்சம் கரோனா நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, 2021-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான ஆய்வில், 6 மாதங்களுக்குள் 34 சதவீதத்தினருக்கு நரம்பியல் அல்லது மனநலப் பாதிப்பு பதிவாகியிருந்தது. அவற்றில் அதிகம் காணப்பட்டவை பதற்றக் கோளாறுகள். எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, நம்பிக்கையின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

தற்கொலை எண்ணம் குறித்து நோயாளி பேசினால், தொற்றைக் காரணம் காட்டி அவரைத் தனியே விடக் கூடாது. முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்து, இடைவெளி விட்டு ஒருவர் உடன் இருக்க வேண்டும். அறையிலுள்ள மாத்திரைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். அவசர நிலையில் 112 அல்லது 108-ஐ அழைக்கலாம். நோயாளியே அழைக்க வேண்டும் என்பதில்லை. கதவுக்கு வெளியே கவலையுடன் நிற்பவரும் அழைக்கலாம்.