மழைக்காட்டுக்குப் போனவர்களின் மூட்டை

அடம்பனில் மழைக்காடு இல்லை. கட்டுக்கரைக்குளத்தை அண்டிய வயல் ஊர் அது. ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். ஆயினும், இலங்கையின் மழைக்காடுகளில் நெடுநாள் தங்கச் சென்ற பெருந்தொகையான தமிழர்கள் தம் கால்நடைப் பயணத்தைத் தொடங்கியது இந்த மன்னார்க் கரையில்தான்.

1830களிலிருந்து ஆங்கிலேயர் கண்டிச் சீமையின் மலைக்காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து ஆட்கள் தோணியேறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் தண்ணீர்ப் பஞ்சமும் வழிநெடுகக் காத்திருந்தன. நோயுற்றோர் பலர் வழியிலேயே கைவிடப்பட்டனர்.

இத்தகைய வாழ்வுக்கு அவர்கள் எவ்வாறு ஆயத்தமாயினர்?

1845 முதல் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், மலைக்காட்டு அட்டைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தோட்டத்துரைமார் நெருக்கமாக நெய்த துணியாலான காலுறைகளை அணிந்து தம்மைக் காத்துக்கொண்டனர். உள்ளூர் மக்கள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சம் சாறு ஆகியவற்றை உடம்பிற் பூசிக்கொண்டனர். கடல் கடந்து வந்த கூலியாளுக்கோ அட்டை என்ன, மலைக்குளிர் என்ன என்று சொல்லித்தர எவருமில்லை. அவன் அறிந்தது சமவெளியின் வெயிலை மட்டுமே. நனைந்தபடி வேலைசெய்யும் அந்த மலைகளில் அவனுக்கிருந்த காப்பு ஒரு கம்பளிதான்.

அந்தக் கம்பளியும் இலவசமன்று. அதன் விலை அவன் கணக்கில் ஏறியது. ஊரைவிட்டுப் புறப்படக் கங்காணி கொடுத்த முன்பணம், தோணிக்கூலி, வழிச்சோறு யாவும் அவ்வாறே ஏறின. ஆயத்தம் என்பதே கடனாயிற்று. கடன்தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆளைப் பெற்றுக்கொள்ளும். கடன் மட்டும் அவனைவிட்டு நீங்காது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆரம்பத்தில் இது பருவகாலப் பயணமே. கோப்பி அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் காணப்பட்ட இலைநோய் அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே ஆட்கள் குடும்பத்தோடு லயன் அறைகளில் நிலைத்தனர். சில மாதத்துக்கெனக் கட்டிய மூட்டையோடு போனவர்களின் சந்ததியார் அங்கேயே தலைமுறைகளாகத் தங்கினர்.

அவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வவுனியாவிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் குடியேறின. மூதாதையர் கடந்து சென்ற வன்னிக் காட்டில், அவர்களின் பேரப்பிள்ளைகள் மீண்டும் வெறுங்கையோடு காடு வெட்டிக் குடிசை போட்டனர்.

2023 யூலை 28ஆம் திகதி, மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி ஒரு நடைபவனி புறப்பட்டது. ஓகஸ்ட் 12இல் அது மாத்தளையை அடைந்தது. அன்று நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்று. இருநூறு ஆண்டுகள் தங்கிய மண்ணில் தமக்கென ஒரு துண்டு நிலம் கேட்பதற்கு, அவர்கள் மறுபடியும் அதே வழியே நடக்க வேண்டியிருந்தது.